வெடர்பர்ன்: ஒரு பெயரின் பாக்கி

ஒரு பெயர் யாருக்குச் சொந்தம்? கேள்வி எளிமையானது. பதிலும் எளிமையானதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயர் மறுக்கப்பட்டு நிற்க நேர்ந்திராதவர்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளிவந்த தன் தர்க்க நூலில், சிறப்புப் பெயர்களுக்குப் பொருள் கிடையாது என்றார். அவை ஒருவரைச் சுட்டுகின்றன, அவ்வளவுதான். அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. டார்ட் நதியின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஓர் ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர் வந்திருக்கலாம். நதி திசை மாறிப் போனாலும் ஊரின் பெயர் மாற வேண்டிய அவசியமில்லை. 1970இல் பிரின்ஸ்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ஸால் கிரிப்கி இந்த விஷயத்தை வேறொரு தளத்துக்கு நகர்த்தினார். முதலில் ஒரு பெயர்சூட்டல். பிறகு வாய்க்கு வாய், தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலிதான் பெயரை அதற்குரியவரோடு பிணைத்து வைத்திருக்கிறது. தர்க்கத்தின் அளவில் இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் இந்தச் சங்கிலியின் நுனி யார் கையில் இருக்கிறது, யாரால் அதை அறுக்க முடியும், யாருக்கு அது விலங்காகிறது என்ற கேள்விகள் தர்க்கத்துக்கு வெளியே நிற்கின்றன. சங்கிலி என்ற சொல் உருவகமாக மட்டும் ஒலிக்காத ஓரிடத்தில் வைத்து இதைப் பார்க்க வேண்டும். வெடர்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரின் வரலாறு அப்படியோர் இடம்.

இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய பெரிக்‌ஷயரில், டன்ஸ் என்ற ஊருக்கருகே உள்ள ஒரு நிலத்தின் பெயர் அது. 1296இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்த ஸ்காட்லாந்துக்காரர்களின் பட்டியலில் வால்டர் என்ற வெடர்பர்ன்காரர் இருக்கிறார். ஆக, பெயரின் பழைய எழுத்துச் சான்றே ஒரு பணிதலின் பதிவு. பின்னால் நிலம் ஹ்யூம் குடும்பத்தின் கைக்குப் போயிற்று; பெயர் மட்டும் நிலத்தை விட்டுப் புறப்பட்டு வடக்கே டண்டீ நகரத்துக்கு, வணிகர்களின் பெயராக, வந்து சேர்ந்தது. மில்லின் நதி திசை மாறிவிட்டது. பெயர் இருக்கிறது.

டண்டீயில் 16ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ், ஜான், ராபர்ட் என்று மூன்று வெடர்பர்ன் சகோதரர்கள். மூவரும் எழுதியவர்கள், மூவரும் மதச் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தவர்கள். ஜேம்ஸ் தன் நாடகங்களுக்காகப் பிரான்சுக்கு ஓட நேர்ந்தது. ஜான் விட்டன்பர்க்குக்குப் போனார். தெருப் பாடல்களின் மெட்டுகளில் பக்திப் பாடல்களையும் திருச்சபை மீதான ஏளனத்தையும் ஏற்றிய தொகுப்பு இவர்களோடு இணைத்துப் பேசப்படுகிறது. இவர்களில் இளையவரான ராபர்ட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே பெயர் இன்னும் இரண்டரை நூற்றாண்டு கழித்து, தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக லண்டன் நீதிமன்றம் ஒன்றில் வாசிக்கப்படப் போகிறது.

1745இல் ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்தெழுந்தவர்களில் சர் ஜான் வெடர்பர்ன் ஒருவர். 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் பிடிபட்டார். அவ்வாண்டு நவம்பரில் லண்டன் கென்னிங்டன் திடலில் தூக்கிலிடப்பட்டார். உடல் நான்காக வெட்டப்பட்டது. பட்டமும் சொத்தும் பறிமுதல். ராஜத் துரோகியின் பெயரைச் சுமந்துகொண்டு அவருடைய மகன்கள் ஜானும் ஜேம்ஸும் ஜமைக்காவுக்குப் போனார்கள். முறையான படிப்பு இல்லாமலே மருத்துவர்களாகத் தொழில் பார்த்தார்கள். கரும்பும் அடிமைகளும் சேர்ந்தன. அரசின் கொடுமைக்குத் தந்தையைப் பலி கொடுத்த இரண்டு இளைஞர்கள், கடலைக் கடந்ததும் தாங்களே அரசாகிவிடுகிறார்கள். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்ற இலக்கிய நம்பிக்கைக்கு இந்தக் குடும்பத்தில் ஆதாரம் கிடைக்காது.

ஜான் வாங்கியவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவன் இருந்தான். ஏற்றி வந்த கப்பலின் தலைவர் நைட். எனவே அவன் ஜோசஃப் நைட். கிரிப்கியின் சங்கிலியில் முதல் கண்ணியாக இருக்க வேண்டிய பெயர்சூட்டல் இங்கே ஒரு சரக்குச் சீட்டு. 1769இல் ஜான் அவரைத் தன்னோடு ஸ்காட்லாந்தின் பெர்த்‌ஷயருக்கு அழைத்து வந்தார். இங்கிலாந்தில் 1772இல் சாமர்செட் வழக்கில் தீர்ப்பு வந்ததைப் பத்திரிகையில் படித்த நைட், தன் உழைப்புக்கு உரியதைக் கேட்டார், கிடைக்காதபோது வெளியேற முயன்றார், கைது செய்யப்பட்டார். பெர்த் நகர நடுவர்கள் எஜமானனுக்குச் சாதகமாகச் சொன்னதை மேல்நிலையில் இருந்தவர் மாற்றினார். வழக்கு எடின்பரோவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நைட்டின் பக்கத்துக்கான ஒரு வாதத்தை ஆஷ்போர்னில் டாக்டர் ஜான்சன் சொல்லச் சொல்ல பாஸ்வெல் எழுதிக்கொண்டார். 1778 ஜனவரியில் தீர்ப்பு: ஜமைக்காவின் சட்டம் தரும் அந்த ஆதிக்கம் அநீதியானது, இந்த நாட்டில் செல்லாது. வழக்கு இன்றும் ‘நைட் எதிர் வெடர்பர்ன்’ என்றே குறிக்கப்படுகிறது. கப்பல்காரனிடமிருந்து வந்த பெயர் எஜமானனின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அதன்பின் நைட் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறார்.

இனி ஜேம்ஸின் மகன். ஜேம்ஸ் வாங்கிய அடிமைப் பெண்களில் ரோஸன்னா ஒருத்தி. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கையில் பழைய எஜமானியிடமே அவளை விற்றுவிட்டார், பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என்ற நிபந்தனையோடு. 1762இல் பிறந்த குழந்தைதான் ராபர்ட் வெடர்பர்ன். வளர்த்தவள் பாட்டி, கிங்ஸ்டனில் ‘டாக்கி ஏமி’ என்று அறியப்பட்டவள். எழுபது வயதான அவளைச் சூனியக்காரி என்று கட்டிவைத்து அடித்ததை அந்தப் பையன் பார்த்தான். கப்பலேறி லண்டனுக்கு வந்தான். தையல்காரனாகி, பிரசங்கியாகி, நிலம் எல்லோருக்கும் பொது என்ற ஸ்பென்ஸின் கட்சியைச் சேர்ந்தவனாகினான்.

1817இல் ராபர்ட் ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். வேரில் வைத்த கோடரி என்பது அதன் பெயர். ஜமைக்காவின் அடிமைகளை நோக்கிப் பேசிய அது சில இதழ்களில் நின்றுபோனது. இதில் நமக்கு ஆச்சரியப்பட எதுவுமில்லை. 1819இல் சோஹோவில் ஒரு வைக்கோல் பரணில் அவர் நடத்திய கூட்டங்களில், சுதந்திரத்தை மறுக்கும் எஜமானனைக் கொல்ல அடிமைக்கு உரிமை உண்டா என்று விவாதித்து, உண்டு என்று முடிவு செய்தார்கள். அங்கே பேசப்பட்டது நமக்குத் தெரிவதற்குக் காரணம், கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த அரசாங்க உளவாளிகள். அழிக்க நினைப்பவனின் காகிதத்தில்தான் சிலருடைய பெயர் பத்திரமாக இருக்கிறது. 1820இல் தெய்வ நிந்தனைக்காக இரண்டாண்டுச் சிறை.

இதற்கெல்லாம் முன்னால், 1795ஐ ஒட்டி, மனைவியும் குழந்தையுமாக வறுமையில் இருந்த ராபர்ட் எடின்பரோவுக்கு அருகே இன்வெரஸ்கில் இருந்த தந்தையின் மாளிகைக்குப் போனார். தந்தை ஏற்கவில்லை. சமையல்காரர் கொடுத்த கொஞ்சம் மட்டமான பீர், வேலையாள் கொடுத்த விரிசல் விழுந்த ஆறு பென்னி நாணயம்: தந்தை வீட்டிலிருந்து கிடைத்த மொத்தச் சீதனம் இவ்வளவுதான். 1824இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ராபர்ட் இதை எழுதினார். உடனே ஜேம்ஸின் சட்டபூர்வமான மகன் ஆண்ட்ரூவிடமிருந்து மறுப்பு வந்தது: இந்த மனிதன் என் தந்தையின் மகன் அல்லன், அவன் தாய்க்கே தகப்பன் யாரென்று தெரியாது, இனியும் அச்சிட்டால் வழக்குத் தொடர்வேன். ராபர்ட் அதையும் தன் பதிலையும் சேர்த்து ஒரு துண்டுப் பிரசுரமாக வெளியிட்டார். அதன் தலைப்புப் பக்கத்திலேயே, தான் அடிமை வியாபாரி ஜேம்ஸ் வெடர்பர்னின் மகன் என்று அறிவித்துக்கொண்டார்.

இங்கே ஒரு சிறிய தகவல்தான் முழு விஷயத்தையும் திருப்பிப் போடுகிறது. மறுப்புக் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து ஆண்ட்ரூ வெடர்பர்ன் என்று இல்லை. தாய்வழியே வந்த சொத்தை ஒட்டி, 1814இலேயே அவர் கோல்வில் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். அதாவது, பெயருக்குச் சட்டப்படி உரியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார். உரிமையில்லாதவர் என்று சொல்லப்பட்டவர்தான் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்கிறார். அதுவும் அந்தப் பெயர் அவருக்குத் தந்த ஒரே வருமானம் விரிசல் விழுந்த நாணயமாக இருக்கும்போது.

ஏன்? ஜமைக்காவின் பையன் ஒருவன், தன் தாயை விற்றவனின் பெயரை ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அடிமை எஜமானர்களின் பெயர்கள் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் லட்சக்கணக்கானவர்கள் மீது இன்றும் இருக்கின்றன. மால்கம் லிட்டில் தன் குடும்பப் பெயரை எடுத்துவிட்டு, அறியமுடியாத மூதாதைப் பெயரின் இடத்தில் ஒரு எக்ஸ் போட்டார். அந்தக் குறுக்குக் கோடு நேர்மையானது. இழப்பை இழப்பாகவே காட்டுகிறது. அதோடு ஒப்பிட்டால் ராபர்ட்டின் செயல் அங்கீகாரத்துக்கான ஏக்கம் என்றுகூட வாதிடலாம்.

எனக்கு அப்படிப் படவில்லை. ஏக்கம் கொஞ்சம் இருந்திருக்கலாம். தூக்கிலிடப்பட்ட தாத்தாவைப் பற்றிச் சொல்லித்தான் அவர் கதையை ஆரம்பிக்கிறார், அதில் ஒரு பெருமிதமும் தொனிக்கிறது. ஆனால் ஏக்கமுள்ளவன் பெயரைக் குடும்பத்தின் கௌரவத்துக்குள் நுழையும் வாசலாகப் பயன்படுத்துவான். ராபர்ட் அதைச் சாட்சிக் கூண்டாகப் பயன்படுத்தினார். ரோஸன்னாவின் பெயர் எந்தத் திருமணப் பதிவேட்டிலும் இல்லை. அவளுக்கு நேர்ந்தது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை. அப்படியொன்று நடந்தது என்பதற்கு இங்கிலாந்தில் இருந்த ஒரே தடயம் மகனின் உடலும், அதன் மேல் ஒட்டியிருந்த பெயரும்தான். பெயரை விட்டுவிட்டால் உடல் இன்னொரு கறுப்புத் தையல்காரனின் உடலாகிவிடும். மில் சொன்னதுபோல் பெயர் எதையும் சொல்லாது என்றால், கோல்வில் ஏன் வழக்குத் தொடர்வேன் என்று பயமுறுத்தினார்? அந்தப் பெயர் அந்த வாயில் எதைச் சொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே முதலில் கேட்ட கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, பெயரின் பாக்கியை யார் ஏற்கிறார்கள் என்பது. குடும்பப் பெயரை நிலம்போல் கருதுகிறவர்கள் வரவை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்: இத்தனை பிரபுக்கள், இத்தனை நீதிபதிகள். அந்தப் பேரேட்டில் செலவுப் பக்கமும் உண்டு. பெயரை மாற்றிக்கொள்வதால் அந்தப் பக்கம் வெள்ளையாகிவிடாது.

கோல்வில் விஷயத்தில் இது கண்கூடு. அவர் ஹட்ஸன்ஸ் பே கம்பெனியின் நிர்வாகத்தில் உயர்ந்து, 1852இல் அதன் கவர்னரானார். 1825இல் கம்பெனி கொலம்பியா நதிக்கரையில் கட்டிய வணிகக் கோட்டைக்கு அவர் பெயரை வைத்தார்கள். கோட்டையின் பெயர் பள்ளத்தாக்குக்குப் போயிற்று, ஊருக்குப் போயிற்று, 1872இல் அமெரிக்க அரசு பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குப் போயிற்று. இன்று வாஷிங்டன் மாநிலத்தில் பன்னிரண்டு பழங்குடிக் குழுக்கள் சட்டத்தின் முன் கோல்வில் ஒதுக்கிடத்தின் ஒன்றிணைந்த இனங்கள் என்ற பெயரில் இருக்கின்றன. தன் சொந்தச் சகோதரனுக்குப் பெயரைக் கொடுக்க மறுத்தவருடைய பெயர், அவர் முகம் பார்த்திராத மக்கள்மீது, அவர்களைக் கேட்காமலே போய் உட்கார்ந்துகொண்டது. மறுப்பதும் சுமத்துவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

குடும்பத்தின் இன்னொரு கிளை நமக்கு அருகில் வருகிறது. 1889இல் பம்பாயிலும் 1910இல் அலகாபாத்திலும் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த சர் வில்லியம் வெடர்பர்ன், ஜோசஃப் நைட்டிடம் வழக்கில் தோற்ற ஜானின் பேரர். பம்பாய் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், அண்ணன் 1857இல் ஹிஸ்ஸாரில் கொல்லப்பட்டவர். பழிவாங்கும் மனநிலைக்குப் போதிய காரணம் இருந்தும், தக்காணத்து விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்க விவசாய வங்கிகள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். இதை வைத்துத் தாத்தாவின் பாவம் கழிந்தது என்று சொல்வது மலிவான கணக்கு. பரம்பரை என்பது விதியில்லை என்பதற்கு மட்டும் இது சாட்சி. ஒருவர் பட்ட பாக்கியை அறிந்தோ அறியாமலோ இன்னொருவர், இன்னொரு கண்டத்தில், இன்னொருவருக்குக் கொஞ்சம் கட்டுகிறார். ரோஸன்னாவுக்கு அது வந்து சேர்வதில்லை.

ராபர்ட் வெடர்பர்ன் 1830களின் மத்தியில் ஏழையாகவே இறந்தார். அதே ஆண்டுகளில், அடிமை முறையை ஒழித்த பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அது அடிமைகளுக்குப் போகவில்லை; உரிமையாளர்களுக்குப் போயிற்று. இழப்பீடு கோரியவர்களின் பட்டியலில் ஆண்ட்ரூ கோல்வில் என்ற பெயர் இருக்கிறது.