பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

எங்கள் பக்கம் பல்லை யாரும் உடம்போடு சேர்த்துக் கணக்கு வைப்பதில்லை. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டால் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். ஈறுகளில் ரத்தம் வருகிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். "பல்லுதான, ஆடுனா விழுந்துட்டுப் போகுது." கம்பம் பள்ளத்தாக்கில் பல் விழுவது நோய் இல்லை, வயசு. தலை நரைக்கிற மாதிரி.

ஈறுநோய் வலிக்காது. அதுதான் அதன் சாமர்த்தியம். சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, அதனால் அதற்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. ஈறுநோய் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். பல்லும் ஈறும் சேர்கிற விளிம்பில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறிக் கல்லாக இறுகுகிறது. அதைத்தான் காரை என்கிறோம். ஈறு சிவக்கும், வீங்கும், விளக்கும்போது ரத்தம் வரும். இதுவரைக்கும் வந்த வழியே திரும்பிப் போகலாம். இதைத் தாண்டி, பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால், போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். மிச்சத்தை நிறுத்தி வைக்கலாம்.

என்னைத் தொந்தரவு செய்வது இந்த நோயைவிட, அதைச் சுற்றி நாம் சொல்கிற ஒரு வாக்கியம். "ஒழுங்கா பல்லு வெளக்கியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" மருத்துவர் சொல்கிறார், மருமகள் சொல்கிறாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மனசுக்குள் சொல்கிறார். மாரடைப்பு வந்தவரிடம் முதல் நாளே இப்படிப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும். பல் போனவரிடம் இல்லை. பல் ஒருவரின் ஒழுக்கத்துக்குச் சாட்சி என்று நம்புகிறோம். அது உண்மையிலேயே சாட்சிதானா?

முதலில், அந்த வாக்கியத்துக்கு ஆதரவாக இருப்பதைச் சொல்லிவிடலாம். ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு சோதனை செய்தார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரை, பெரும்பாலும் மாணவர்களை, பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்க ஆரம்பித்தார்கள், சரியாகிவிட்டது. அவ்வளவுதான் சோதனை. படலத்தை எடுத்தால் வீக்கம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. "ஒழுங்கா வெளக்கு" என்ற அறிவுரை அறிவியல்தான், சந்தேகமில்லை.

அதே லோ ஐந்து வருடம் கழித்து இன்னொரு ஆய்வைத் தொடங்கினார். இது நம் ஆட்களின் வாயில் நடந்தது.

ஒரு பக்கம் ஒஸ்லோவின் மாணவர்களும் கல்வியாளர்களும். சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான பல் சிகிச்சை கிடைத்தவர்கள். மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை என்பதையே பார்த்திராத ஒரு கூட்டம் தேவைப்பட்டது. இலங்கை மலையகத்தின் டன்சினேன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது. 1970-இல் 480 தமிழ்த் தொழிலாளர்கள், எல்லோரும் ஆண்கள், பதின்வயதிலிருந்து முப்பது வரை. பிரஷ் பிடித்ததில்லை. வெற்றிலை போடுவார்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. 15 வருடங்களில் பலமுறை போய், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மெல்லிய அளவுகோலை விட்டு ஈறு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று குறித்தார்கள். 1986-இல் முடிவுகள் வெளியாயின. சிகிச்சையே இல்லாவிட்டால் ஈறுநோய் எப்படிப் போகும் என்பதற்கு இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது இந்த ஆய்வைத்தான்.

மலையகத்தில் தேயிலை பறிக்கப் போனவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள். தேனி அப்போது மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. ஆய்வு தொடங்கிய சமயத்தில் மலையகத் தமிழர்களில் பெரும்பகுதியினர் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது.

இந்த ஆய்வைக் கேள்விப்பட்டதும் சிலருக்கு டஸ்கீகி நினைவுக்கு வரலாம். அமெரிக்காவில் 1932-இலிருந்து 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், பொய் சொல்லி வைத்து அரசே கவனித்துக்கொண்டிருந்த சம்பவம். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது நியாயமில்லை. இலங்கையில் பல் மருத்துவர்கள் யாருடைய சிகிச்சையையும் தடுத்ததாகப் பதிவில்லை. தடுப்பதற்கு அங்கே சிகிச்சை என்று ஒன்று இருந்திருக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. சிகிச்சையே எட்டாத மனிதர்கள் அறிவியலுக்குத் தேவைப்பட்டார்கள், அப்படிப்பட்ட 480 பேர் ஒரே இடத்தில், பெயர்ப் பதிவேட்டோடு, தயாராகக் கிடைத்தார்கள். அந்த நிலைமையைத் தோட்ட முதலாளித்துவம் நூறு வருடமாக உற்பத்தி செய்து வைத்திருந்தது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பல்லைத்தான் பார்த்தார்கள், மிகக் கவனமாக, 15 வருடம்.

ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது என்ன? அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே வெற்றிலை, யாருமே பல் விளக்குவதில்லை. இருந்தும் 8 சதவீதம் பேருக்கு நோய் வெறிபிடித்த மாதிரி ஓடியது, 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பல்லும் போய்விட்டன. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் போனது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை.

அந்தப் பதினொரு சதவீதத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களில் ஒருவர் சிரித்தால் நாம் என்ன நினைத்திருப்போம்? "மனுசன் எவ்வளவு சுத்தம்." 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அறத்திலும் அதிர்ஷ்டம் உண்டா என்று கேட்டார்கள். குமுளி மலைப்பாதையில் இரண்டு ஜீப்புகள் ஒரே வேகத்தில் இறங்குகின்றன என்று வையுங்கள். ஒன்றின் குறுக்கே ஆள் வந்துவிட்டார். ஓட்டிய விதம் ஒன்றுதான், ஒருவர் மட்டும் கொலைகாரர். ஈறும் இப்படித்தான். நம் கையில் இருப்பது பழக்கம் மட்டும். விளைவில் பாதி, உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. அதோடு சர்க்கரை நோயும் புகையிலையும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். விழுந்த பல்லைப் பார்த்து அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதனால் விளக்க வேண்டாமா என்று கேட்டால், விளக்கத்தான் வேண்டும். நாம் எந்தச் சதவீதத்தில் இருக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. மென்மையான பிரஷ், ஈறு விளிம்பைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து, ராத்திரி படுக்கும் முன்பு கட்டாயம். உப்புத் தண்ணீர் கொப்புளித்தால் வீக்கத்துக்கு இதமாக இருக்கும். கிராம்புத் தைலம் மரத்துப்போக வைக்கும், நோயை ஒன்றும் செய்யாது. ஆலும் வேலும் உறுதிதான், குச்சியை மென்று தும்பாக்கி விளிம்பில் பொறுமையாகத் தேய்த்தால். செங்கல் பொடி, கரித்தூள் எல்லாம் பல்லைத் தேய்மானம் செய்யும். ஆனால் இறுகிய காரையை எந்தக் குச்சியாலும் எடுக்க முடியாது. ஈறுக்குக் கீழே போய்விட்ட காரை வீட்டு வைத்தியத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பல் மருத்துவரின் கருவி மட்டும்தான் போகும். "நீ ஒழுங்கா இரு" என்ற அறிவுரை அந்த எல்லையோடு முடிய வேண்டும். நாம் முடிப்பதில்லை.

இங்கே ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். கிளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்பார்கள். பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள், பொய்யும் இல்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரையும் வீக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் உள்ளே நடந்தது வெளியே தெரிகிறது. என் தொழிலில் இது தினசரி நடப்பது. பழைய மென்பொருளில் கண்காணிப்பு வைத்த அன்றைக்கே ஆயிரம் பிழை வரும், கண்காணிப்பு வைத்தவனைத்தான் திட்டுவார்கள்.

சரி, எங்கே போவது? பெரியகுளத்தில் தலைமை மருத்துவமனை, கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி, தாலுகா ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அதற்கு மேல் வேலை இருந்தால் மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள், செலவு வெளியே ஆவதைவிடக் குறைவு, நேரம் மட்டும் அதிகம். கம்பத்துக்காரர்களுக்கு மலை ஏறி இறங்கினால் கோட்டயத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டுக்குப் பல பத்தாண்டுகளாகச் சென்னையில் மட்டும்தான் ஒரு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கு கட்டணத்தில் இல்லை. விடியும் முன்னால் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான் தருவார்கள். சீட்டு இலவசம், விலை ஒரு நாள் கூலி. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி முதலாளியின் கடமை என்றது, பின்னால் ஏலக்காயையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. தினமும் எல்லை தாண்டித் திரும்புகிற ஆளின் வாய் எந்த மாநிலத்துக் கடமை என்பது எழுதப்படாமல் போனது.

ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவருக்கு ஒரே நாளில் முடிகிற வைத்தியம் பல் பிடுங்குவதுதான். காப்பாற்ற வேண்டுமென்றால் நான்கைந்து தடவை வர வேண்டும். அதனால் கையில் நேரம் இருப்பவரின் பல் காப்பாற்றப்படுகிறது, இல்லாதவரின் பல் பிடுங்கப்படுகிறது. இரண்டு பேரும் தாங்களாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேஸ் ஷீட் சொல்லும்.

என் பெரியம்மா போன வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏலத்தோட்டத்து ஆள்தான் அவரும். பிடுங்கிவிடலாம் என்றார்கள். "பிடுங்காம வச்சுக்க முடியுமா, கிளீன் பண்ணிவிடுங்க" என்று கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தேன், கேட்டாராம். அந்த டாக்டர் நல்ல மாதிரி, முடியும் என்றிருக்கிறார். பாதியைச் செய்துவிட்டு, மீதிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். போனில் பெரியம்மா கேட்டது இதுதான்: "செவ்வாய்க்கெழம ஜீப்புக்காரன்ட்ட என்னப்பா சொல்லட்டும்?"