வேனிற்காலத் திருவமுது

சென்ற சித்திரை முதல் நாளன்று நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றனை முதற்கண் கூறுவாம். பூசை முடிந்து இலையிட்டபொழுது, நம் தமக்கையாரின் பெயர்த்தி பாற்பாயசமும் நெய்யும் தனக்கு வேண்டா என்று பணிவுடன் மறுத்தாள். கன்றுக்குரியதைக் கவர்தல் தகாதென்பது அவள் கொள்கை. இறைவனுக்கு நிவேதித்ததை மறுப்பதோ என்று நாம் சினந்து சில சொற்கள் கூறிவிட்டோம். அவள் எதிர்மொழி கூறாது, மாங்காய்ப் பச்சடியும் வெறுஞ்சோறும் உண்டு எழுந்தாள். அன்றிரவு நாம் உறங்கிற்றிலம்.

பால், நெய், தேன் முதலாக விலங்கினின்று வரும் அனைத்தையும் விலக்குவாரை 'வீகன்' என்ப. இப்பெயர் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோரால் தோன்றியது. தமிழில் இந்நெறியை நனிசைவம் என்பாரும் உளர். புலாலுண்ணாமையை நம் சமயப் பெயராலேயே சைவம் என வழங்கும் தமிழ்மக்களுக்கு இஃது அயலாவதெங்ஙனம்? பசு என்னுஞ் சொல்லால் உயிரனைத்தையும் குறிக்கும் சித்தாந்திகள், தொழுவத்துப் பசுவின் நோவை எண்ணிய ஒருத்தியைக் கடிந்துகொண்டோம்! மூலன் என்னும் இடையன் இறந்துபட, அவனைச் சூழ்ந்து கதறிய ஆனிரையின் துயர் பொறாதன்றோ திருமூலதேவர் அவனுடலிற் புகுந்தருளினார்.

மறுநாள் பெரியபுராணத்தை எடுத்தோம். கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் இறைவனுக்குப் படைத்தவை செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவுமே. வறுமையுற்றுக் கூலிக்கு நெல்லறுத்தபோதும், செந்நெல்லை இறைவனுக்கு வைத்துத் தாம் கார்நெல்லுண்டார். கூலி முழுதும் செந்நெல்லாகவே கிடைத்தபோது கொல்லைக் கீரையுண்டார். அதுவும் அற்றபோது நீரே பருகினார். பசியால் தளர்ந்து ஒருநாள் கால் தப்பி வீழ, அமுது நிலவெடிப்பிற் சிந்திற்று. ஆற்றாது அரிவாளால் தம் கழுத்தை அரியப் புக்கார். வெடிப்பினின்று எழுந்த திருக்கை தடுத்தது. மாவடு கடிபடும் ஓசையும் உடனெழுந்தது. அரிவாட்டாயர் என்னும் பெயர் அதனால் வந்தது.

அவர்தம் மனைவியார் ஆனைந்து ஏந்திப் பின்சென்றார் என்பதையும் மறைத்தல் கூடாது. திருமுழுக்கிற்கு ஆகமம் விதித்ததை நீக்குக என்பது நம் கருத்தன்று. ஆயினும் வீட்டு அடுக்களையில் பாலின்றி அமுதாக்கல் குற்றமாமோ? ஓசை எழுந்தது வடுவினின்றன்றோ!

வேனிலில் நிலம் தருவனவற்றை நோக்குமின். வடுமாங்காயை விளக்கெண்ணெய் தடவி உப்பிட்டுக் குலுக்கிவைப்பின், சில நாளிற் சுருங்கி நீர்விடும். அந்நீரிற் கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கூட்டுதலே வேண்டுவது. வெல்லமிட்ட மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூவை நல்லெண்ணெயில் வறுத்துத் தூவலாம். சுரையும் புடலும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேரக் கூட்டாம். பீர்க்கங்காயின் தோலையும் எறியற்க; வதக்கி, உளுத்தம்பருப்பும் புளியும் மிளகாயும் வைத்தரைத்தால் துவையலாம். வெள்ளரிப்பிஞ்சிற்கும் நுங்கிற்கும் அடுப்பே வேண்டா. கோடையில் அடுப்பருகே நிற்கும் பெண்மக்களுக்கு இது சிறிய நன்றியன்று.

பாயசத்தை நாமே செய்து பார்த்தோம். பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துக் குழைய வேகவைத்து, வெல்லத்தைக் கரைத்து வடித்துச் சேர்த்து, தேங்காயின் இரண்டாம்பாலை ஊற்றிக் கொதிக்கவிடுதல் வேண்டும். முதற்பாலை இறக்கிய பின்னரே கலத்தல் வேண்டும். முதல்முறை அதனையுங் கொதிக்கவிட்டுத் திரியச் செய்தோம். இரண்டாமுறை செவ்விதின் வந்ததை நடராசப்பெருமான் திருமுன் படைத்து, அப்பெண்ணை வரவழைத்து, கடிந்ததற்கு வருந்தி, நம் கையாலேயே இலையில் வார்த்தோம். மீண்டும் ஒருமுறை கேட்டு வாங்கி உண்டாள்.

மோர்க்குழம்பிற்கு மட்டும் இன்னும் வழி கண்டிலம். தேங்காய்ப்பாலில் புளிப்பேற்றிச் செய்யலாம் என்கிறாள்; வரும் வெள்ளிக்கிழமை பார்ப்பாம்.