பலன் கண்டதால் நியாயமாகுமா?

தூரத்தில் நீர் தெரிகிறதென்று நடந்து போனவன், அள்ளிக் குடித்துத் தாகம் தணிந்த பிறகே, தான் கண்டது கானல் அன்று என்று நிச்சயம் கொள்கிறான். அறிவின் பிராமாண்யம் அவ்வறிவிலேயே அடங்கியிருப்பதன்று, அதை நம்பிச் செய்த செயல் பலித்ததைக் கொண்டே பின்னால் நிலைநாட்டப்படுவது என்பதற்கு நையாயிகர்கள் காட்டும் திருஷ்டாந்தம் இது. மீமாம்சகர்கள் இதை ஒப்பவில்லை. இரு சாராரின் தர்க்கமும் பல நூற்றாண்டுகள் நீண்டது. அமெரிக்கக் கிரிமினல் கோர்ட்டுகளில் வாகனச் சோதனை வாரண்டின் செல்லுபடியை எதிர்த்து நடக்கும் வாதங்களில், அதே வினா வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

தக்க காரணமும், சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலமும், தேட வேண்டிய இடத்தைப் பற்றிய திட்டமான விவரணையும் இன்றி வாரண்டு பிறப்பிக்கலாகாது என்பது 1791-ல் நிறைவேறிய அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம். மதுவிலக்குக் காலத்தில் மோட்டார் வண்டியின் ஆசனத்தைக் கிழித்து 68 புட்டி மது எடுத்த காரல் வழக்கில், நகர்ந்து மறையக்கூடிய வாகனத்துக்குத் தக்க காரணம் இருந்தால் வாரண்டே வேண்டாம் என்று 1925-ல் தீர்ப்பாயிற்று. ஆயினும் போலீஸார் பல சமயம் அதைப் பெற்றே தேடுகின்றனர். வாரண்டுக்காகக் கொடுத்த வாக்குமூலத்தில் போலீஸ் அதிகாரி தெரிந்தே பொய் சொன்னார், அல்லது மெய்யா பொய்யா என்று பாராமலே சொன்னார் என்று பிரதிவாதி தக்க ஆதாரத்துடன் எடுத்துக்காட்டினால், அப்பொய்யை நீக்கி, எஞ்சியது வாரண்டுக்குப் போதுமா என்று பார்த்து, போதாதெனில் சோதனையில் கிடைத்ததைச் சாட்சியமாக ஏற்காமல் ஒதுக்க வேண்டும் என்பது 1978-ல் பிராங்ஸ் வழக்கு வகுத்த வழி.

இவ்விசாரணையில் வண்டிக்குள் என்ன இருந்தது என்பது எடுபடாது. தேடிக் கிடைத்ததால் தேடல் சட்டபூர்வமாகிவிடாது என்று 1948-லேயே நீதிபதி ஜாக்ஸன் எழுதிவிட்டார். நியாய சாஸ்திரம் பிறந்த நம் நாட்டில், வருமான வரிச் சோதனை பற்றிய பூரன் மல் வழக்கில், சட்டத்துக்கு மாறான சோதனையில் கிடைத்ததும் சாட்சியமாகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1973-ல் கூறியதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கடத்தல் பொருளுடன் கையும் களவுமாகப் பிடிபட்டவன், காகிதத்தில் இருந்த பிழையால் தப்பிப்போவதா என்ற ஆக்ஷேபம் லேசானதன்று; நீதிபதி கார்டோஸோ போன்ற பெரியவரே 1926-ல் அதை எழுப்பியிருக்கிறார். ஆனால் நீரைத் தேடிப் போனவன் ஏமாந்தால் நடந்த சிரமம் அவனோடு போயிற்று. சந்தேகத்தை நம்பி வண்டியைக் குடைந்த அதிகாரி ஏமாந்தால், அதன் துன்பம் வழியோடு போன இன்னொருவர் தலையில் விழுகிறது. மேலும், ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிடப்பட்டவர்களின் வண்டிகள் கிரிமினல் கோர்ட்டுப் படி ஏறுவதேயில்லை. நீதிபதியின் கண்ணில் படுவதெல்லாம் பலித்த சந்தேகங்களே. பலித்தவற்றை மட்டும் கண்டவன் சந்தேகத்தையே பிரமாணமாக எண்ணிவிடுவது இயல்பாதலால், நிரபராதிகளுக்கும் சேர்த்து இந்த வாதத்தைச் செய்யும் பொறுப்பு, விசித்திரமாக, குற்றவாளியின் வக்கீல் மேலேயே வந்து விழுகிறது.

1984-ல் தீர்ப்பான லியான் வழக்கு, சாட்சியத்தை ஒதுக்கும் இந்நெறியைப் பெரிதும் தளர்த்தியது. வீடுகளையும் மோட்டார் வண்டிகளையும் தேடப் பெற்ற அவ்வாரண்டுக்கு ஆதாரமாயிருந்த துப்பில் ஒரு பகுதி ஐந்து மாதப் பழையது. தக்க காரணம் போதவில்லை என்று கீழ்க்கோர்ட்டுகள் கண்டன. ஆனால் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தை அதிகாரிகள் நியாயமாகவும் நல்லெண்ணத்துடனும் நம்பியதால் சாட்சியம் செல்லும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மையினர் கூறினர். அந்த நல்லெண்ணம் அதிகாரியைத் தண்டனையிலிருந்து காக்கப் போதுமானதுதான். ஆனால் மாஜிஸ்திரேட்டின் தவறுக்குரிய நஷ்டத்தைத் தேடப்பட்டவர் ஏற்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு ஹேதுவும் இல்லை. பெரும்பான்மையை மறுத்து நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பே சரியானது என்பது என் அபிப்பிராயம்.