பெட்டியில் எதை வைப்பது?

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில் துணிக்கடைகளில் கசவுக் கரை போட்ட முண்டும் நேரியலும் முன்வரிசைக்கு வந்துவிடும். முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. பாட்டிமார் பலருக்கு முண்டும் நேரியலும் அன்றாட உடுப்பு. பிறகு வந்த பெண்கள் அதைப் பழசு என்று ஒதுக்கினார்கள். பேத்திகள் இப்போது ஆசைப்பட்டு உடுத்துகிறார்கள். பஃப் கை ரவிக்கையும் இப்படித்தான் போய்த் திரும்பி வந்தது. உடனே நாம் சொல்கிறோம்: "எதையும் தூரப் போடாதே, மறுபடி மோஸ்தர் வரும்." இது பாதிதான் சரி. வடிவம் திரும்பி வரும். ஆனால் அன்றைய துணியும் தையலும் அதோடு சேர்ந்து வருவதில்லை. திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தால் பீரோ நிறையும், அவ்வளவுதான். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலைத் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. மேலுடம்பை மறைக்கும் உரிமை நாடார் பெண்களுக்கும் வேறு பல சாதிப் பெண்களுக்கும் மறுக்கப்பட்டிருந்த மண் இது. மிஷனரிகள் வழியாகக் குப்பாயம் வந்தது: கையும் கழுத்தும் வைத்துத் தைத்த, தொளதொளவென்ற சட்டை. அதோடு தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1822இல் கல்குளம் பகுதியில் கலவரம். 1829இல் தோள்சீலை கூடாதென்று அரசாணை. 1858, 59இல் மறுபடி கலவரம், வீடுகளுக்குத் தீ. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மேலாடை போட அனுமதித்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோலப் போடக் கூடாது என்று ஒரு முடிச்சு இருந்தது. முழங்கை வரை வரும் ரவிக்கை இன்று அழகுக்காகத் திரும்பி வருகிறது. இதே மண்ணில் ஒரு மேலாடைக்காகப் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். போராட்டத்தைச் சொல்லும் ஆணைகள் ஆவணங்களில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் போட்ட குப்பாயம் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது? அன்றாட உடுப்புதானே என்று நினைத்திருப்பார்கள். உடுத்திக் கிழித்து, கரித்துணி ஆக்கியிருப்பார்கள்.

ஆகவே ஒரு துணியைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்வி கேட்போம். இது கையால் நெய்ததா, பிரித்துத் தைக்க உள்ளே துணி விட்டுத் தைத்ததா? இந்த வீட்டில் ஒருவர் பட்ட பாட்டையோ அடைந்த பேற்றையோ இது சொல்லுமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் வைத்துக்கொள்ளலாம். உடுக்கத் துணியில்லாதவர் இருக்கையில் சேர்த்து வைப்பது தகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மற்றதெல்லாம் நைந்து போகும்முன் கொடுத்துவிட வேண்டும். மோஸ்தர் திரும்பும் என்று பூட்டி வைப்பதுதான் தப்பு. வீட்டில் இடமில்லை என்பார்கள். தலைமுறைக்கு இரண்டு உருப்படி வைக்க ஒரு சின்னப் பெட்டி போதும். ஆனால் வைத்தால் பேண வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில் துணி சீக்கிரம் பூத்துப்போகும். மழை விட்டதும் நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி, இடையில் வசம்பு வைக்க வேண்டும். ஒருநாள் போட்டோவுக்கு வாங்கி மறுவாரம் மறந்துபோகும் துணிக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசி போதும் இதற்கு. கூடவே ஒரு தாளில், உடுத்தியவர் பேரும் வருடமும் எழுதி வையுங்கள். யாருடையது என்று தெரியாத துணியை அடுத்த தலைமுறை கந்தல் என்றுதான் நினைக்கும்.