யாரிடம் ஒப்படைப்பது?

அணுக்கழிவை ஆழத்தில் புதைத்து, சுரங்கத்தின் வாயை மூடி, காவலையும் விலக்கிக்கொண்ட பிறகு அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வது? பாறை எவ்வளவு சூடு தாங்கும், நீர் எந்த வேகத்தில் கசியும், கலம் எத்தனை காலத்தில் அரிக்கும் என்பதற்கெல்லாம் பொறியாளர்களிடம் கணக்கு உண்டு. கீழே இருப்பது இன்னதென்று அறியாத ஒருவர் என்றைக்கு அங்கே தோண்டுவார் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உப்புப் பாறைக்குள் 655 மீட்டர் ஆழத்தில், அணு ஆயுதத் தயாரிப்பின் கழிவுகளை வைக்கும் கிடங்கு 1999 முதல் இயங்குகிறது. அதற்கான விதிகள் 10,000 ஆண்டுப் பாதுகாப்பைக் கேட்கின்றன. கிடங்கை மூடிய பிறகு வேலி, காவலர், ரோந்து ஆகியவற்றை 100 ஆண்டுகளுக்கு மேல் நம்பக் கூடாது என்று சொல்வதும் அதே விதிகள்தான். மிச்சமுள்ள காலத்துக்கு என்ன வழி என்று தேடியவர்களின் பார்வை மதத்தின் பக்கம் திரும்பியது. குறியியல் அறிஞர் தாமஸ் செபியோக் 1984-ல் கொடுத்த அறிக்கையில், உண்மையை அறிந்த ஒரு சிறு குழு தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு வரட்டும் என்றார். மற்றவர்களுக்குச் சடங்கும் கதையும் போதும். கதிர்வீச்சு என்ற காரணம் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்த இடம் ஆகாது என்ற பயம் இருந்தால் சரி. அணு யுகத்தின் குருமார்கள் என்று அந்தக் குழுவுக்குப் பெயரும் வைத்தார்.

இந்த யோசனையைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அரசுகளும் மொழிகளும் மறைந்த பிறகும் மனிதர்கள் விடாமல் கைமாற்றி வந்திருப்பவற்றில் வழிபாடு முக்கியமானது. கேட்க வேண்டியது வேறு: வழிபாட்டு மரபுகளில் நிலைத்து நின்றது பயமா, பொறுப்பா? பொறுப்புதான் என்பது என் வாதம். பயமுறுத்தி எதையும் காக்க முடிந்ததில்லை. ஒரு சமூகத்திடம் உண்மையைச் சொல்லி, அதன் சம்மதத்தோடு, அதன் வாழ்வாதாரத்தோடு சேர்த்து ஒப்படைத்தவைதான் நீடித்தன. அது சரியென்றால், மூடிய பிறகான பாதுகாப்பு இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கேட்காமல் எடுத்துக்கொண்ட நிலத்தைப் பற்றிய நினைவை அந்த ஊர் காத்துத் தராது.

இதைப் பெங்களூரிலிருந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1980களில் அங்கே கைவிடப்பட்ட ஒரு சுரங்கப் பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், பாறைக்குள் சூடேற்றிகளை வைத்து, கழிவின் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று பல ஆண்டுகள் சோதித்தது. கழிவு எதையும் அங்கே வைக்கவில்லை. 2012 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலார் சுரங்கத்தின் பெயர் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. தங்கவயல் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில், அப்படியொரு திட்டமே இல்லை, பழைய ஆய்வு மட்டுமே நடந்தது என்று விளக்கம் வந்தது. ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்று 2013 மே 6 அன்று அந்த வழக்கின் தீர்ப்பு சொன்னது. இந்தியாவில் அப்படியொரு கிடங்கு இன்றும் இல்லை.

கிடங்கு வராவிட்டாலும், மூடிய சுரங்கத்துக்குள் மனிதர் எப்படித் திரும்பி வருவார்கள் என்று கற்க அந்த ஊரை விடச் சிறந்த இடம் கிடைக்காது. தங்கவயலை ஆங்கிலேயர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெயர் தெரியாத பழைய மனிதர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகள் அங்கே கிடந்தன. 1880களில் அங்கே தோண்டிய மைசூர் கம்பெனியின் மூலதனம் கரையும் தறுவாயில், அந்தக் குழிகளுக்குக் கீழே இறங்கிப் போனபோதுதான் சாம்பியன் லோடு என்ற தங்கப் படிவம் கிடைத்தது. அதே மாநிலத்தின் ஹட்டியில் இருக்கும் பழைய சுரங்கங்களுக்குச் சுமார் 2,000 வயது என்கிறது கரிமக் காலக்கணிப்பு. அவற்றுக்கு மேலேயும் நவீனச் சுரங்கம் வந்தது. முன்னோர் தோண்டிய தடம் பின்னவருக்கு அழைப்பாகிவிடுகிறது. தங்கவயல் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001-ல் மூடிய பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2020-ல் மாரிகுப்பம் பக்கம் மூடிய சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஊரின் நடுவே குன்றாகக் கிடக்கும் சயனைடு மண்ணிலும் மிச்சத் தங்கம் இருக்கிறது என்று, 13 மேடுகளை மறுபடி தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் மாநில அமைச்சரவை இசைவு தந்தது. ஒரு தலைமுறை கழிவென்று கொட்டியது இன்னொரு தலைமுறைக்குச் சொத்து.

பொன்னாசையே இல்லாவிட்டாலும் தோண்டுவார்கள், தண்ணீருக்காக. கோலார் மாவட்டத்தில் போர்வெல் 1,200 அடி, 1,500 அடி என்று இறங்குகிறது. பின்லாந்தின் ஒன்கலோ கிடங்கு இருப்பது ஏறத்தாழ 430 மீட்டரில், அதாவது 1,400 அடியில். உலகிலேயே மிகக் கவனமாகக் கட்டப்பட்ட கழிவுக் கிடங்கின் ஆழத்தைத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியொன்று தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் நின்றபடி எட்டிவிடுகிறது. ஓட்டுபவர் அன்றைய கூலிக்கு வந்தவர். நிலத்துக்காரர் கடன் வாங்கித் தோண்டுபவர். இருவரிடமும் குற்றமோ பேராசையோ இல்லை, தகவல் மட்டும்தான் இல்லை.

அடையாளம் வைத்தால் ஆள் வருவான், ஆகவே ஒன்றும் சொல்லாமல் மண்ணை மூடி மறந்துவிடுவதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. பழங்குழிகளின் கதை அவர்கள் பக்கம் பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கையாக நிறுத்தும் பிரம்மாண்டமான கல் முட்களும் கோபுரங்களும் சுற்றுலாக் கூட்டத்தையும் புதையல் வேட்டைக்காரர்களையும்தான் கொண்டுவரும். ஆனால் மறதி எதைச் செய்யும் என்பதை டெல்லியில் பார்த்தோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த, கோபால்ட்-60 கொண்ட கருவியொன்று 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலத்தில் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தவர்களில் ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த நிறுவனம், தலைநகரம், 25 ஆண்டு இடைவெளி. கருவி அதே இடத்தில்தான் இருந்தது. அது என்ன என்பதைச் சொல்லும் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகவில்லை.

கைக்குக் கை போவது எப்படி என்பதற்கு நம் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். வருங்காலத்தோடு இவ்வளவு விரிவாகப் பேரம் பேசிய ஆவணங்கள் உலகில் அதிகம் இல்லை. கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பெங்களூரின் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. கொடை சந்திரரும் சூரியரும் உள்ளவரை நடக்க வேண்டும் என்பது இவ்வகைக் கல்வெட்டுகளின் வழக்கமான வாசகம். அதைக் காக்க இரண்டு உத்திகளைக் கையாண்டார்கள். ஒன்று சாபம்: இதை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது. மற்றது பணிவு: இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று, பிறக்காத யாரோ ஒருவரைக் கொடையாளி, பல இடங்களில் அரசனே, வணங்குவது. சாபம் பலித்ததாகத் தெரியவில்லை. பசுக்கொலைப் பாவம் பொறித்த கற்களே படிக்கட்டாகவும் துவைகல்லாகவும் போயின. பெங்களூரு வட்டாரத்தில் நூறாண்டுக்கு முன் படியெடுக்கப்பட்ட கற்கள் பலவற்றை இன்று தேடினால் காணோம்.

நிலைத்தவை எப்படி நிலைத்தன? நந்தாவிளக்குக் கொடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்கு எப்போதும் எரிய 96 ஆடுகள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடுதட்டியது போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது என்பதால் சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். மேய்ப்பவரின் பிழைப்பும் விளக்கின் சுடரும் ஒரே மந்தையில் கட்டப்பட்டிருந்தன. மந்தையும் நிலமும் கைவிட்டுப் போன இடங்களில் விளக்கு அணைந்தது, கல்வெட்டு மட்டும் நிற்கிறது. திருமழபாடியில் நடந்தது இன்னும் தெளிவானது. பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் வெட்டப்பட்டன. கல்லின் உறுதியை நம்பியிருந்தால் அந்த எழுத்து இடிபாட்டோடு போயிருக்கும். படித்துப் பொருள் தெரிந்த ஒருவர் அந்தத் தலைமுறையில் இருந்ததும், மறுபடி எழுத வேண்டும் என்று அவருக்கு யாரோ கட்டளையிட்டதும் அதைக் காப்பாற்றின.

கோயில் ஆயிரம் ஆண்டு, கழிவு லட்சம் ஆண்டு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பது நியாயமான கேள்வி. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். எந்த ஊரும் அவ்வளவு காலம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்து எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கண்ணாடியில் உறையவைத்த கழிவின் தொடக்கக் கால வெம்மைக்கும் ஊடுருவும் கதிருக்கும் பெரும் பங்கு சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றுடையது. இவை சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். துளையிட்டு எடுத்தவரை அருகிலிருந்தே கொல்லக்கூடிய காலமும், ஒரு சமூகம் நினைவை ஏந்திச் செல்லக்கூடிய காலமும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன. அதற்குப் பிந்தைய நெடுங்காலத்தைப் பாறைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாறையையும் கலத்தையும் நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை, முதல் சில நூற்றாண்டுகளைப் பயத்திடம் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

அந்தக் குருமார் யோசனை நடைமுறையில் தோற்கும் என்பதோடு என் மறுப்பு நிற்கவில்லை. அது அறத்திலும் தவறு. காரணத்தைச் சிலர் வைத்துக்கொண்டு, கட்டளையை மட்டும் பலருக்குத் தருவது என்ன செய்யும் என்று இந்த நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. யார் படிக்கலாம், யார் எந்த வாசல்வரை வரலாம் என்று சாதி வகுத்த கோடுகளும் புனிதத்தின் பெயரால்தான் போடப்பட்டன. மேலே நான் புகழ்ந்த கோயில்களின் பொறுப்பும் நிலமுள்ள சபைகளிடமும் ஊராரிடமும்தான் இருந்தது, சேரியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி, வடார்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதியாலும் துரத்தப்பட்டு வந்த தலித் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மேலே மறுபடி ஒரு பூசாரிக் கூட்டத்தை உட்காரவைத்து, காரணம் கேட்காதே, அங்கே போகாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பிறக்கப்போகிறவரும் நம்மைப் போன்ற அறிவுள்ள மனிதர்தான். பொய் சொல்லித்தான் அவரைக் காக்க முடியும் என்று நினைப்பது அவரைக் குழந்தையாக்குகிறது. அவர் பாதம் என் தலைமேல் என்று எழுதியவர்களின் மனநிலைக்கு இது நேர் எதிர்.

தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் உள்ள கணக்கு இதில் கனமானது. சிவனசமுத்திரத்தின் மின்சாரம் 1902-ல் முதலில் தங்கவயலுக்குப் போனது. பெங்களூரின் தெருவிளக்குக்கு அது 1905-ல் வந்தது. அந்த மின்சாரத்தில் தோண்டிய பொன் வெளியே போயிற்று, சிலிகாத் தூசி தொழிலாளரின் நுரையீரலில் தங்கியது, சுரங்கம் மூடியபோது வேலையும் போனது. பிறகு பெங்களூரு தன் குப்பையை மண்டூர் போன்ற கிராமங்களில் கொட்டிப் பழகியது. 2018 முதல் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலாரின் ஏரிகளை நிரப்புகிறது. கைகா, கூடங்குளம் அணுமின் நிலையங்களிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு இந்த நகரத்தில் எரிகிறது. அதன் சாம்பலுக்கும் மறுபடி அதே திசையைக் கைகாட்டினால், அந்த ஊர் அதை எதற்காக 300 ஆண்டு நினைவில் வைத்துக் காவல் காக்க வேண்டும்? அவர்களுக்கு அதில் ஒரு ஆடுகூடக் கொடுக்கப்படவில்லையே.

கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பிறகு கழிவு தரைக்கு மேலேயே கிடக்கும், அது இன்னும் ஆபத்து என்பது கடைசி எதிர்வாதம். கிடங்கே தேவையில்லை என்பது என் நிலைப்பாடு அல்ல, கழிவு ஏற்கனவே இருக்கிறது. ஆனால் கேட்ட இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பின்லாந்தில் எவுராயோகி நகராட்சிக்கு மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது, அது 2000-ல் சம்மதித்தது. சுவீடனில் ஓஸ்தம்மார் மன்றம் 2020-ல் வாக்களித்துச் சம்மதித்தது. இரண்டுமே அணு உலையோடு பல பத்தாண்டு வாழ்ந்த ஊர்கள், அதன் வருமானத்தில் பங்கு பெற்றவை. வேண்டாம் என்று சொல்ல முடிந்ததால்தான் அவற்றின் சம்மதத்துக்கு மதிப்பு. இங்கே 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தகவலை மறைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அள்ளிக் கொடுத்தது. கோலார் மக்கள் தங்கள் காலடியைப் பற்றி நீதிமன்றச் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே இந்தியா எங்கே தோண்டப் போகிறது என்று முடிவெடுக்கும் முன், ஏற்கனவே தோண்டிய இடத்தைப் பற்றி முழுதாகப் பேசட்டும். 1980களில் கோலார் பாறைக்குள் என்ன வைத்தார்கள், எவ்வளவு சூடேற்றினார்கள், என்ன அளந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்ற பதிவைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நூலகத்திலும் சுற்றியுள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வைக்கலாம். போர்வெல் அனுமதி கொடுக்கும் அதிகாரியின் மேசையில் அந்த வரைபடம் இருக்கலாம். 30 ஆண்டுக்கு ஒருமுறை அதை அன்றைய பேச்சுமொழியில் புதிதாக எழுதும் வேலைக்கு ஊர்ப் பள்ளியைச் சேர்ந்தவர்களுக்கே நிரந்தர மானியம் ஒதுக்கலாம். அங்கே கதிரியக்கம் எதுவும் இல்லை என்பதால் இதில் மறைக்க ஒன்றுமில்லை. இந்தச் சிறிய பதிவையே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் பிழையில்லாமல் கொடுக்க முடியவில்லை என்றால், உண்மையான கழிவை எந்தப் பாறைக்குள்ளும் இறக்கும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை.