கதிரவன் இல்லாத கோள்

யாரைச் சார்ந்து நிற்கிறோம் என்பதைக் கொண்டா நாம் இன்னார் என்று முடிவாகிறது? இது பழைய கேள்வி. வானியல் இன்று அதைப் புதிய உருவில் நம் முன் வைக்கிறது.

2013ஆம் ஆண்டில், ஹவாய்ப் பல்கலைக்கழக வானியலாளர் மைக்கல் லியுவும் அவருடைய குழுவினரும், ஹலேயாக்கலா மலையிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் துணைகொண்டு விந்தையானதொரு பொருளைக் கண்டறிந்தனர். பிஎஸ்ஓ ஜே318.5-22 என்பது அதன் குறியீடு. வியாழனைவிட 6 முதல் 8 மடங்கு வரை திணிவுடையது என்று கணித்துள்ளனர். 70, 80 ஒளியாண்டுத் தொலைவில் அது தனியே செல்கிறது. சுற்றிவர அதற்கு ஒரு கதிரவன் இல்லை. பிறந்தபோது பெற்ற வெப்பமே இன்னும் அதை மங்கலாய் ஒளிரச் செய்கிறது.

இதைக் கோள் எனலாமா? இளம் விண்மீன் கூட்டங்களில் தனித்துத் திரியும் இத்தகையவை கோள்கள் அல்ல என்று அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் பணிக்குழு 2003இல் வரையறுத்தது. அறிஞர் சிலரோ கோள் என்றே எழுதுகின்றனர். கோளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருள் ‘அலைந்து திரிவது’ என்பதாம். மெய்யாகவே அலைகின்ற ஒன்றுக்கு அப்பெயர் மறுக்கப்படுவது வியப்பே.

ஆயினும் அது உறவற்றதன்று. பீற்றா பிக்ரோறிஸ் என்னும் விண்மீனும் அதன் கூட்டத்தாரும் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருங்கே பிறந்து, ஒரே திசையில் செல்பவை. இதுவும் அவற்றோடு செல்கிறது. ஒளியை மட்டும் கொண்டு இத்தகைய பொருளின் திணிவைக் கூறவியலாது. முதிய பெரிய பொருளும் இளைய சிறிய பொருளும் ஒன்றுபோல் மங்கலாய்த் தோன்றக்கூடும். உடன்பிறந்தவற்றின் வயது தெரிந்ததனாலேயே இதன் திணிவைக் கணிக்க முடிந்தது. அருகில் கண்ணைக் கூசவைக்கும் கதிரவன் இல்லாமையால், இதன் முகில்களையும் தெளிவாக ஆராய முடிகிறது.

வானத்துப் பொருள் நமக்கு அறம் போதிப்பதில்லை; பெயரிடுவோர் நாமே. ‘அநாதை’ என்ற சொல்லுக்கு நாதன் இல்லாதவர் என்பதே பொருள். இல்லாத ஒன்றைக் கொண்டு மனிதருக்குப் பெயர் சூட்டி, அப்பெயராலேயே அவரை அளந்துவிடுகிறோம். தலைவன் இல்லாமை வேறு, உறவு இல்லாமை வேறு. கோள் என்றாலும் அன்று என்றாலும் அந்தப் பொருளுக்கு நோவதில்லை. மனிதருக்கு நோகும்.

ஆகவே, ஒருவருக்கு யார் இல்லை என்று விசாரிப்பதற்கு முன், அவர் யார் என்று கேட்டறிவோமாக.