கேள்வி கேட்க ஒரு மனிதன் வேண்டும்



காயின் தன் தம்பி ஆபேலை வயலிலே கொன்றபின், தம்பியைப் பற்றி ஆண்டவர் அவனிடம் விசாரித்ததாக ஆதியாகமத்தில் வாசிக்கின்றோம். காயின் மழுப்பினான், ஆயினும் தப்ப முடியவில்லை. ஏனெனில் கையோங்கியவன் மனச்சாட்சியுள்ள மனிதன்.

இக்கேள்வியின் பாரத்தைத் தீவக மக்கள் அறிவார்கள். 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். ஆகஸ்ட் 20ஆம் திகதி பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். இன்னும் விடையில்லை. ஆனாலும் கேட்கின்றோம்; பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர் எங்கோ உளர் என்பதால்.

அக்கேள்விக்கே இடமில்லாமற் செய்யும் ஆயுதங்கள் இன்று உருவாகின்றன. மனிதன் ஏவிவிட்டபின், யாரைக் கொல்வதென்று கருவியே தெரிந்து தானே தாக்கும். வலை வீசும் கடற்றொழிலாளியையும் போர்வீரனையும் உருவத்தாலும் அசைவாலும் அது கணித்துப் பார்க்கும். இரங்க அதற்குத் தெரியாது. தவறிக் கொன்றால் யாரை விசாரிப்பது? ஏவியவன் கருவியைக் காட்டுவான். கருவியைச் செய்தவன் ஏவியவனைக் காட்டுவான்.

இதற்கு மூத்தது மிதிவெடி. புதைத்தவன் போனபின்னும், மிதித்தது குழந்தையின் காலா என்று பாராமலே அது வெடித்தது. எனினும் 1997இல் ஒட்டாவாவில் அதற்குத் தடை உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். அந்த இருபது ஆண்டு இடைவெளியில் வடக்கில் எத்தனை பேர் கால்களை இழந்தார்கள்!

ஆகவே புதிய ஆயுதத்தைத் தடுப்பதிலும் உலகம் பிந்தலாகாது. 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் இதுபற்றிக் கூடிப் பேசலாயின. 2024 ஜூனில் பாப்பரசர் பிரான்சிஸ் ஜி-7 தலைவர்கள் முன்னிலையில், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரத்துக்கும் விடலாகாது என வலியுறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 166 நாடுகள் இவ்வாயுதங்கள் பற்றிய தீர்மானத்தை ஆதரித்தன. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஒட்டாவாவில் செய்ததுபோல் உடன்படிக்கையே வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இங்கும் வெளிநாடுகளிலும் கணனியும் பொறியியலும் கற்கிறார்கள். வேலை தேடும்போது சம்பளத்தை மட்டுமல்ல, தம் கைவேலை எங்கே போய் முடியும் என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் மாண்டோருக்காகக் குடும்ப செபமாலை சொல்லும்போது, சட்டமியற்றும் அதிகாரம் உள்ளவர்களுக்காகவும் மன்றாடுங்கள். ஆண்டவர் நம் சகோதரரைப் பற்றி நம்மிடமே கேட்பார், இயந்திரத்திடமல்ல.